ஏன் நடந்தார் என்ற கேள்வி

இரண்டாமாண்டு மாணவியருக்குப் பாலைத்திணை நடத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், பேச்சு வழி விலகி, 1953இல் அமெரிக்காவை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை தன்னந்தனியாக நடந்தே கடந்த நாற்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவரைப் பற்றிச் சொல்ல நேர்ந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "அவங்களுக்கு என்ன பிரச்சினை மேடம்?" என்று கேட்டாள். வகுப்பு சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே ஐயம் இருந்ததை முகங்கள் சொல்லின. நானும் ஒரு நொடி கூடத் தயங்காமல், "கணவரைப் பிரிந்தவர்" என்று விடை சொன்னேன். அவள் நிறைவோடு உட்கார்ந்தாள். பாடம் தொடர்ந்தது.

மாலையில் பேருந்தில் வரும்போதுதான் அந்த விடை உறுத்தத் தொடங்கியது. நான் சொன்னது பொய்யன்று. அவர் கணவரைப் பிரிந்தவர்தான். ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடையே அல்ல. பின் ஏன் அது அத்தனை எளிதாக என் நாவில் வந்தது, ஏன் முப்பத்தைந்து பேர் அதை அத்தனை எளிதாக ஏற்றுக்கொண்டார்கள் என்ற யோசனையிலிருந்தே இதை எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணின் பெயர் மில்ட்ரெட் நார்மன். 1908இல் நியூஜெர்ஸி மாநிலத்தின் எக் ஹார்பர் என்ற ஊரில், கோழிப்பண்ணை வைத்திருந்த ஓர் எளிய குடும்பத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்தவர். 1933இல் திருமணம். இரண்டாம் உலகப்போரில் கணவர் ராணுவத்தில் சேர்ந்தார். இவரோ போரையே ஏற்காதவர். 1946இல் மணமுறிவு. இவையெல்லாம் ஆவணங்களில் உள்ள செய்திகள். ஆனால் தம் வாழ்வின் திருப்பமாக அவரே குறிப்பிடுவது இவற்றில் ஒன்றையும் அல்ல. 1938இல் ஓரிரவு முழுதும் காட்டில் நடந்து, நிலவொளி விழுந்த ஒரு வெட்டவெளியை அடைந்தபோது, இனித் தம் வாழ்வைப் பிறர்க்குக் கொடுப்பது என்று முடிவு செய்ததைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்று தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் ஆயத்தம். உடைமைகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார். சமாதான அமைப்புகளில் பணியாற்றினார். முதியோருக்கும் மனநலம் குன்றியோருக்கும் உதவினார். 1952இல் அப்பலாச்சியன் மலைப்பாதையை, ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை இரண்டாயிரம் மைலுக்கு மேற்பட்ட அந்த நெடும்பாதையை, ஒரே பருவத்தில் முழுதும் நடந்த முதல் பெண் என்ற பெயர் பெற்றார். (அந்த நடையில் ஆண் நண்பர் ஒருவர் உடன் வந்தார். இதைச் சொன்னால் என் வகுப்பில் அடுத்த கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.) ஊறவைத்த ஓட்ஸும் பால் பொடியும் காட்டில் கிடைத்த பழமும் கீரையுமே உணவு, ஒரு மெல்லிய போர்வையும் பிளாஸ்டிக் விரிப்புமே படுக்கை. உடம்புக்கு எவ்வளவு குறைவாகத் தேவைப்படுகிறது என்பதை அந்த ஆறு மாதங்களில் அவர் அளந்து பார்த்துவிட்டார் என்றே நான் கொள்கிறேன். அந்த நடையின் இறுதிக் கட்டத்தில், குன்று ஒன்றின் மேல் அமர்ந்திருந்தபோது, தாம் போகவேண்டிய அடுத்த வழி நாட்டின் வரைபடத்தில் கோடு இழுத்தாற்போலத் தெரிந்ததாக அவர் பின்னாளில் சொன்னார்.

1953 ஜனவரி 1 அன்று, கலிஃபோர்னியாவின் பாஸடேனா நகரில் ஆண்டுதோறும் நடக்கும் ரோஜா அணிவகுப்புக்கு முன்னால் நடந்து, கூடியிருந்தவர்களுக்குத் துண்டறிக்கைகளைக் கொடுத்தபடி தம் யாத்திரையைத் தொடங்கினார். அது தனியாக. கொரியப்போர் ஓயவில்லை. செனட்டர் மெக்கார்த்தியின் வேட்டை உச்சத்தில் இருந்த காலம். சமாதானம் என்ற சொல்லை உரக்கச் சொன்னாலே கம்யூனிஸ்ட் என்று ஐயுறுவார்கள். அவர் அந்தச் சொல்லை நெஞ்சில் எழுதிக்கொண்டு நடந்தார். உருவகமாகச் சொல்லவில்லை. அடர்நீல மேலங்கியின் முன்புறத்தில் 'அமைதி யாத்ரிகர்' என்ற பொருள்படும் இரு சொற்கள் பெரிய வெள்ளை எழுத்தில் இருந்தன. முதுகில், கரையிலிருந்து கரைக்கு நடப்பதைச் சொல்லும் வாசகம். மேலங்கியின் அடிப்புறத்தைச் சுற்றிப் பைகள். அவற்றில் சீப்பு, பல்துலக்கி, பேனா, துண்டறிக்கைகள், பதில் எழுதவேண்டிய கடிதங்கள். மூட்டை கிடையாது. காசு கிடையாது, கொடுத்தாலும் வாங்குவதில்லை. யாராவது இடம் கொடுக்கும் வரை நடப்பது, யாராவது உணவு கொடுக்கும் வரை பட்டினி என்பது அவருடைய விதி. கேட்டு வாங்குவதும் இல்லை.

நாளுக்குச் சராசரியாக 25 மைல். இடம் கிடைக்காத இரவுகளில், குளிர் தாங்க, விடியும் வரை நடந்திருக்கிறார். வைக்கோற்போரிலும் பாலத்தடியிலும் பேருந்து நிலையங்களிலும் படுத்திருக்கிறார். இரவு தங்கக் கல்லறைத் தோட்டம் மிக நல்ல இடம் என்பது அவர் அனுபவம்: அமைதி, சீராக வெட்டிய புல், தொந்தரவு செய்ய ஆளில்லை. தொடர்ந்தாற்போல மூன்று நான்கு வேளைக்கு மேல் உணவு தவறியது அரிது என்றும் சொல்லியிருக்கிறார். மக்கள் கொடுத்தார்கள். போலீசார் அவரை அலைந்து திரிபவர் என்று கைது செய்ததும் உண்டு. அந்த ஆண்டு முடிவதற்குள் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அதோடு நிற்கவில்லை. 1964இல் 25,000 மைலைத் தொட்டதும் எண்ணுவதை விட்டார்; நடப்பதை விடவில்லை. 1981 ஜூலையில், இண்டியானா மாநிலத்தில் நாக்ஸ் என்ற ஊருக்கருகே, உரை நிகழ்த்தப் போகும் வழியில் விபத்தில் இறந்தார். அன்று அவர் நடக்கவில்லை; யாரோ அன்போடு காரில் ஏற்றிச் சென்றுகொண்டிருந்தார்கள்.

இருபத்தெட்டு ஆண்டுகளும் அவர் தம் பழைய பெயரைச் சொல்ல மறுத்தார். வயது, பிறந்த ஊர், குடும்பம் எதையும் சொல்லவில்லை. நிருபர்கள் விடாமல் கேட்டார்கள். சொல்லவேண்டிய செய்தி இருக்கிறது, சொல்பவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை என்பது அவர் நிலை. அவர் மறைந்த பின் நண்பர்கள் சிலர் அவருடைய உரைகளையும் கடிதங்களையும் தொகுத்து நூலாக்கி, அதையும் விலையின்றியே கொடுத்தார்கள். அந்நூலை இலக்கியம் என்று பரிந்துரைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. உபதேசம் மிகுதி, ஒரே இனிப்பு. நன்மையால் தீமையை வெல்வது பற்றி அவர் அடுக்கிக்கொண்டே போகும்போது, கல்லறையில் உறங்கிய இரவுகளைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் எழுதியிருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கிறேன். ஆனால் அந்த ஏக்கமும் என் மாணவியின் கேள்வியைப் போன்றதுதானோ? அவர் கொடுப்பது எனக்கு வேண்டாம். கொடுக்க மறுப்பதுதான் வேண்டும்.

இங்கே இன்னொரு பெண்ணை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த எம்மா கேட்வுட். பதினொரு பிள்ளைகளின் தாய். 1955இல், அறுபத்தேழாம் வயதில், கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் வீட்டில் சொல்லிவிட்டு, அதே அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தவர். தனியாக அதை ஒரே மூச்சில் முடித்த முதல் பெண் அவரே. கையால் தைத்த ஒரு துணிப்பை, கான்வாஸ் ஷூ, ராணுவக் கம்பளி ஒன்று, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. குளிரில் தட்டைக் கற்களைத் தீயில் சூடாக்கி அவற்றின் மேல் படுத்தார். செப்டம்பர் 25 அன்று கட்டாடின் சிகரத்தை அடைந்தபோது மே 3இல் தொடங்கிய நடைக்கு 146 நாட்கள் ஆகியிருந்தன. ஏன் நடந்தீர்கள் என்று கேட்ட நிருபர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொன்னார். ஆசையாக இருந்தது, வேடிக்கையாக இருக்கும் என்று தோன்றியது, குன்றுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க. கணவரைப் பற்றிக் கேட்டால் தாம் விதவை என்றார்.

கணவர் அப்போது உயிரோடு இருந்தார். 2014இல் பென் மான்ட்கோமரி எழுதிய வாழ்க்கை வரலாறு, அந்த மனிதர் எம்மாவை எப்படியெல்லாம் அடித்தார் என்பதை விரிவாகச் சொல்கிறது. ஒருமுறை, பல் உடைந்து விலா முறிந்து கிடந்தவரையே காவலர் கைது செய்து கொண்டுபோனார், அடித்தவரை அல்ல. இவை வெளிவந்தது நல்லதே. அந்த மௌனத்தில் 1950களின் வெட்கமும் கலந்திருக்கிறது, அதைப் பேணிக்காக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் அதற்குப் பின் கேட்வுட்டைப் பற்றி யார் பேசினாலும், எழுதினாலும், கொடுமைக்காரக் கணவரிடமிருந்து தப்பி நடந்த பாட்டி என்றே கதை தொடங்குகிறது. அவர் மணமுறிவு பெற்றது 1940களின் தொடக்கத்தில். பாதையில் கால் வைத்தது அதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேலான பின். அடிபட்ட நாட்களில் காடுதான் அவருக்கு ஒதுங்கிடம் என்பது உண்மை. அதனால் 1955இல் அவர் எதிலிருந்தும் ஓடிக்கொண்டிருந்தார் என்று ஆகிவிடாது. அந்தப் பாதை பற்றிப் பத்திரிகை ஒன்று சுலபம் என்று எழுதியிருந்ததை நம்பி வந்து ஏமாந்ததாகவும், பாதை சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்றும் அவர் சொன்ன புகார்களை இன்று யாரும் பொருட்படுத்துவதில்லை. அவை அவரே தந்த கருத்துகள். அவர் மறைத்த காயமோ முன்னுரையில் நிற்கிறது.

ஷெரில் ஸ்ட்ரேய்டின் நூல் 2012இல் வந்து, 2014இல் திரைப்படமும் ஆனபின், பெண் நடந்தால் காயம் இருந்தே தீரவேண்டும் என்பது ஏறக்குறைய இலக்கணமாகிவிட்டது. ஸ்ட்ரேய்டைக் குறை சொல்வதற்கில்லை. தாயின் மரணம், போதைப்பொருள், மணமுறிவு எல்லாவற்றையும் அவரே தம் கையால் எழுதினார். 1995இல் பசிஃபிக் மலைப்பாதையில் 1,100 மைல் நடந்தபோது அவருக்கு வயது இருபத்தாறு. குடும்பப் பெயரையே வழிதவறியவள் என்ற பொருள்பட மாற்றிக்கொண்டவர். அது அவர் தேர்வு. அந்தத் தேர்வை நாம் சட்டமாக்கி, தம் பெயரையே துறந்தவர் மேலும் சுமத்துவதைத்தான் மறுக்கிறேன்.

இதே காலத்தில் இங்கே ஒருவர் நடந்தார். 1951 ஏப்ரலில் போச்சம்பள்ளியில் பூதான இயக்கம் பிறந்தபோது வினோபாவுக்கு வயது ஐம்பத்தைந்து. பதின்மூன்று ஆண்டுகள் நாடெங்கும் நடந்தார். அவருக்கு என்ன பிரச்சினை என்று எந்த மாணவியும் என்னைக் கேட்டதில்லை. நிலம் கேட்டு நடந்தார் என்றால் நிலம் கேட்டு நடந்தார், அவ்வளவுதான். 1930இல் காந்தி 241 மைல் நடந்தது உப்புக்காக. நாம் நம்புகிறோம். நம்பித்தான் ஆகவேண்டும்.

நம் அகப்பாடல்களில் நடுவயதுப் பெண் ஒருத்தி பாலை வழியே தனியே நடக்கும் துறை ஒன்று உண்டு. உடன்போக்கில் போன மகளைத் தேடிச் செல்லும் செவிலி. எதிரே வருவோரை நிறுத்தி இப்படி இருவரைக் கண்டீரோ என்று கேட்கிறாள். அன்று நான் நடத்திக்கொண்டிருந்ததும் அந்தத் துறையைத்தான். வகுப்பில் எவரும் அவள் ஏன் தனியாகக் காட்டுக்கு வந்தாள் என்று கேட்கவில்லை. மகளைத் தேடி வந்தவளுக்குக் காரணம் வீட்டிலிருந்தே வந்துவிட்டது. தாய், மகள், கணவன், சாவு, பிரிவு, இவற்றில் ஒன்றைக் காட்டினால் சாலை திறக்கிறது. கொரியாவில் சாகிறவர்கள் தனக்கு யாரும் இல்லாதபோதும் தன்னைத் தூங்கவிடவில்லை என்று ஒரு பெண் சொன்னால், நாம் தலையை ஆட்டிவிட்டு, வீட்டில் என்ன நடந்தது என்று விசாரிக்கத் தொடங்குகிறோம். ஒரு பெண்ணுக்கு உலகத்தைப் பற்றியும் கவலை இருக்கலாம், அந்தக் கவலை நாற்பத்து நான்கு வயதில் அவளை நடக்கவும் வைக்கலாம் என்பதை இலக்கியம் படித்த நாமே ஏற்கத் தயங்குகிறோம். நானே அன்று ஏற்கவில்லை.

அடுத்த வாரம் அந்த மாணவியைத் தனியே அழைத்து, நான் சொன்ன விடை தவறு, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன்.

"அப்போ எதுக்கு மேடம் நடந்தாங்க?"

நீல மேலங்கியைப் பற்றியும் அதன் முன்னும் பின்னும் எழுதியிருந்ததைப் பற்றியும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அது சரி மேடம்," என்றாள். "உண்மையான காரணம்?"