ஜோடி சேர்க்குமுன் ஒரு கணக்கு

நாட்காட்டியில் பல்லி விழும் பலன் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இன்று நம் பிள்ளைகள் காசு கொடுத்துப் பல்லி வாங்கி வளர்க்கிறார்கள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளியோடு இருக்கும் ‘லெப்பர்ட் கெக்கோ’தான் அது. நம் வீட்டுப் பல்லிக்குக் கண் இமை கிடையாது, இதற்கு உண்டு. சுவரில் ஏறத்தான் தெரியாது.

“அண்ணே, ஒரு ஜோடி வாங்கிட்டேன். குஞ்சு பொரிச்சா விக்கலாமா?” என்று இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள். முதலில் வீட்டைக் கவனியுங்கள் என்பேன்.

பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறை நிலம்தான் இதன் தாயகம். கோத்தா கோலா மூடாவோ ஆறு கடலில் சேரும் ஈரக்காற்று ஊர். அதனால் பெட்டியில் காற்றோட்டம் முக்கியம். தரையில் மணல் வேண்டாம், டைல்ஸ் போதும். ஒரு மூலை 32 டிகிரி சூடாகவும் மறுமூலை குளிர்ச்சியாகவும் இருக்கட்டும். ஒளிந்துகொள்ள ஈரமான டப்பா ஒன்றும் வேண்டும். அது இல்லையென்றால் தோல் சரியாக உரியாது. விரலில் ஒட்டிய பழைய தோல் இறுகி விரலே போய்விடும். தீனிப் பூச்சியில் கால்சியம் தூள் தூவுங்கள்.

இனி கணக்கு. ஒரு முறை சேர்ந்த பெண் பல்லி, அந்தப் பருவத்தில் பல தடவை இரண்டிரண்டாக முட்டையிடும். பத்துக் குஞ்சுகள் வரலாம். ஆண்களை ஒன்றாக விட்டால் கடித்துக்கொள்ளும். தனித்தனிப் பெட்டி வேண்டும். ஒவ்வொன்றும் 15 ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது.

ஆணா பெண்ணா என்பதை முட்டையின் வெப்பமே முடிவு செய்கிறது. 26 முதல் 28 டிகிரியில் பெரும்பாலும் பெண். 32, 33 டிகிரியில் பெரும்பாலும் ஆண். பகலில் கொதித்து இரவில் தணியும் நம் அறையில் அதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அதற்கு இன்குபேட்டர் வேண்டும். ஒரு வயது நிறையாத, வால் மெலிந்த பெண்ணைச் சேர்க்கவே கூடாது. வால்தான் அதன் கொழுப்புச் சேமிப்பு.

நிறத்துக்கு மயங்காதீர்கள். ‘லெமன் ஃப்ரோஸ்ட்’ என்ற வெளிர்மஞ்சள் வகை அதிக விலைக்குப் போனது. அந்த நிறத்தைத் தரும் மரபணுவே தோலில் கட்டிகளையும் உண்டாக்குகிறது என்று 2021இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அழகுக்காக நோயைப் பெருக்குவது வியாபாரமல்ல.

உரிமம் தேவையா என்று பெர்ஹிலித்தானிடம் கேளுங்கள். பத்துக் குஞ்சுக்கும் ஆள் கிடைத்த பிறகு ஜோடி சேருங்கள். அதுவரை இரண்டையும் தனித்தனியே வையுங்கள். தனிமை அவற்றுக்குத் துன்பமில்லை.