மருத்துவப் பக்கம்: மறுமுனையில் இருப்பவர் யார்?

காய்ச்சல் தனியொரு நோயன்று. உள்ளே ஏதோ கோளாறு நேர்ந்திருக்கிறது என்று உடல் தரும் அறிவிப்பு. நம் வீட்டு மூதாட்டியர் நெற்றியில் புறங்கையை வைத்தே இதனை அறிந்து வந்தார்கள். மருத்துவ உலகம் அதை முறையாக எண்ணால் குறிக்கப் பழகியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். ஜெர்மனியின் லைப்சிக் நகர மருத்துவர் கார்ல் வுண்டர்லிஷ், சுமார் 25,000 நோயாளிகளின் உடல்வெப்பத்தை ஆராய்ந்து 1868ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அக்காலக் கருவி ஏறத்தாழ ஓரடி நீளமுடையது. அதை அக்குளில் வைத்துக் கால்மணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டும். அதே காலத்தில் இங்கிலாந்து மருத்துவர் கிளிஃபர்டு ஆல்பட், அதை ஆறு அங்குலமாகச் சுருக்கி ஐந்து நிமிடத்தில் அளவு காட்டச் செய்தார். வீட்டு அலமாரியில் தெர்மாமீட்டர் இடம்பெற வழி பிறந்தது அதன் பின்னரே.

இன்று அக்கருவி, அளந்த எண்ணைக் காட்டுவதோடு நில்லாமல் தொலைவிலுள்ள மருத்துவமனைக்கும் அறிவிக்கிறது. வெப்பத்திற்கேற்ப மின்தடை மாறும் சிறு உணரி ஒன்று அதனுள் உள்ளது. அது தரும் அளவு புளூடூத் வழியாக அருகிலுள்ள கைப்பேசிக்கும், அங்கிருந்து இணையத்தின் வழியாக மருத்துவமனைக் கணினிக்கும் செல்கிறது. குறித்த எல்லையை அளவு தாண்டினால் கணினி எச்சரிக்கும். அக்குளில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வடிவிலும் இவை உள்ளன. நோயாளி உறங்கும்போதும் அவை அளந்துகொண்டே இருக்கும்.

சாதாரணச் சளிக் காய்ச்சலுக்கு இத்தனை ஏற்பாடு வேண்டியதில்லை. ஆனால் ஒரு சாராருக்கு இது உயிர்காக்கும் உதவியாகலாம். அவர்கள், புற்றுநோய்க்காகக் கீமோதெரபி மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியவர்கள். பெரும்பாலும் மருந்தேற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் அவர்களுடைய இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அவ்வேளையில் கிருமி தொற்றினால் சீழும் வீக்கமும் தோன்றாமலே போகலாம். காய்ச்சல் ஒன்றே அடையாளமாக இருக்கக்கூடும். நமக்கு எளிதாகத் தோன்றும் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ், அவர்களுக்கு அவசரநிலையாகும். மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்திற்குள் ஆன்டிபயாட்டிக் மருந்து சிரை வழியே செலுத்தப்பட வேண்டும் என்பது மருத்துவ நெறி.

நம் இல்லங்களில் நடப்பது என்ன? "பிள்ளைகளுக்கு ஏன் சிரமம்" என்று தாய் சொல்லாமல் மறைப்பார். தெரிந்தாலும் ஒரு பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "விடியட்டும், பார்க்கலாம்" என்று இருந்துவிடுவோம். மாத்திரை காய்ச்சலைத் தணித்துக் காட்டும். தொற்று உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். மேலும், உடல்வெப்பம் விடியற்காலையில் தாழ்ந்தும் மாலையில் உயர்ந்தும் இருப்பது இயல்பு. காலையில் மட்டும் அளந்து நிம்மதி அடைபவர் மாலைக் காய்ச்சலைத் தவறவிடக்கூடும். தாய் மறைப்பதையும் நாம் தவறவிடுவதையும் இக்கருவி காட்டிக்கொடுக்கும்.

எனினும், கருவி எச்சரிக்கத்தான் செய்யும். எழுந்து வர வேண்டியவர் மனிதர். ஆகவே இதை வாங்குமுன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இரவு 2 மணிக்கு எச்சரிக்கை சென்றால் மறுமுனையில் அதைப் பார்ப்பவர் யார்? அலுவலக நேரத்தில் மட்டும் பார்ப்பார்கள் என்றால், இரவில் அழைக்க வேண்டிய எண்ணையும் செல்ல வேண்டிய மருத்துவமனையையும் முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவில் பணிபுரியும் மகனின் கைப்பேசியிலும் தாயின் உடல்வெப்பத்தைக் காண வழியுண்டு. ஆயினும், வண்டியை அழைத்து அவரைக் கைத்தாங்கலாக ஏற்ற வேண்டியவர் அருகில் இருப்பவரே. அவர் யாரென்று குடும்பத்தார் கூடிப் பேசி முடிவு செய்தல் நலம்.

கருவியின் குறைகளையும் அறிந்திருக்க வேண்டும். கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்தாலோ இணையம் அறுந்தாலோ செய்தி போய்ச் சேராது. அக்குளில் அளந்தால், வாயில் அளப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். முதியோருக்குக் கடுமையான தொற்றிலும் காய்ச்சல் தோன்றாதிருக்கலாம். நடுக்கம், மூச்சுத்திணறல், மனக்குழப்பம் ஆகியவை கண்டால், எண் சரியாக இருக்கிறதே என்று காத்திராமல் புறப்பட வேண்டும்.

மறுமுனையில் வணிகரும் இருக்கக்கூடும் என்பதை மறத்தலாகாது. அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கின்சா நிறுவனத்தின் இணைய வெப்பமானிகள் ஏராளமான இல்லங்களில் பயன்பட்டன. அவை அனுப்பிய அளவுகளைத் தொகுத்து, 2020 மார்ச்சில், கொரோனா பரவிய வேளையில், எங்கெங்கே காய்ச்சல் வழக்கத்தைவிட மிகுந்தது என்பதை அந்நிறுவனம் வரைபடமாக வெளியிட்டது. பாராட்டத்தக்க பொதுப்பணி அது. ஆனால் அதே நிறுவனத்தின் தகவல்கள் கிருமிநாசினி விற்கும் குளோராக்ஸ் நிறுவனத்தின் விளம்பரங்களுக்குப் பயன்பட்ட செய்தி 2018இல் வெளியாயிற்று. எந்தப் பகுதியில் காய்ச்சல் மிகுந்ததோ அந்தப் பகுதியில் விளம்பரம் மிகுந்தது. தனிநபர் பெயர்கள் தரப்படவில்லை என்பது உண்மையே. ஆயினும், நோயாளியின் உடல்நிலை பற்றிய செய்தி ஓர் அமானிதம். அது யாரிடம் சேர்கிறது, எதற்குப் பயன்படுகிறது, வேண்டாமென்றால் அழிக்க முடியுமா என்று கேட்டறிவது நமது உரிமை.

இணையக் கருவி வாங்க வசதியில்லாதோர் வருந்த வேண்டாம். சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றும், ஒரு குறிப்பேடும், மருத்துவமனையின் தொலைபேசி எண்ணும் போதும். கீமோதெரபி பெறுபவரின் வெப்பத்தை மருத்துவர் சொன்ன வேளைகளிலும், உடல் சோர்ந்து தோன்றும்போதெல்லாமும் அளந்து, நேரத்துடன் குறித்து வையுங்கள். 100.4 காட்டினால் மருத்துவமனையைக் கேளாமல் மாத்திரை தராதீர்கள். விடியும்வரை காத்திருக்கவும் செய்யாதீர்கள். அப்பொழுதே புறப்படுங்கள்.