கிளிக்குக்கும் படத்துக்கும் நடுவில்

இங்கே திருவனந்தபுரத்தில் வருஷத்துக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசுவாமி கோயில் உற்சவத்தில் பள்ளிவேட்டை நடக்கும். ஊர்வலம் சத்தமே இல்லாமல் வந்து நிற்கும். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மூத்தவர் ஓர் இளநீர்க்காய் மேல் அம்பு விடுவார். அவ்வளவுதான், முடிந்தது. அந்தக் கால சின்ன டிஜிட்டல் கேமராவின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பரீட்சை கிடையாது. பொத்தானை அமுக்குவீர்கள். லென்ஸ் உர்ர்ர் என்று முன்னே பின்னே நகரும். படம் விழும்போது அம்பு காயில் தைத்திருக்கும்.

இப்போது எதற்கு இந்தப் பழங்கதை என்றால், எங்கள் கிளையில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் 2005, 2008 மாடல் கேமராக்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். சிசிடி சென்சார் கலர் அழகாம். ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் அந்தக் கலர் பிடிக்கும். ஆனால் கூடவே அந்த அரை வினாடியும் வரும் என்பதை விற்கிறவர் சொல்வதில்லை.

தாமதத்தில் பெரும்பங்கு ஷட்டருடையது அல்ல, ஃபோகஸுடையது. எஸ்எல்ஆரில் ஃபோகஸுக்குத் தனி சென்சார் உண்டு. லென்ஸ் எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்று ஒரே அளவீட்டில் சொல்லிவிடும். சின்ன கேமராவுக்கு அந்த வசதி இல்லை. லென்ஸை நகர்த்தி, படம் தெளிகிறதா என்று பார்த்து, உச்சத்தைத் தாண்டிய பிறகுதான் தாண்டிவிட்டோம் என்று தெரிந்து திரும்பி வரும். இருட்டில் அதுவும் தடுமாறும். வினாடிக்கு 3 மீட்டர் ஓடும் குழந்தை அரை வினாடியில் ஒன்றரை மீட்டர் போய்விடும். ஃபிரேமில் மிச்சம் இருப்பது வாசற்படி :-)

அட்டைப்பெட்டியில் மெகாபிக்ஸல் மட்டும் கொட்டை எழுத்தில். எங்கள் தொழிலில் வட்டி விகிதம் பெரிசாகவும், பிராசஸிங் சார்ஜ் பொடி எழுத்திலும் வருமே, அதே வித்தைதான். 2010-ல் ஃப்யூஜி எஃப்300இஎக்ஸ்ஆர், ஃபோகஸ் கண்டுபிடிக்கும் பிக்ஸல்களைப் பட சென்சாருக்குள்ளேயே வைத்து, 0.158 வினாடி என்று விளம்பரமும் செய்தது. நல்ல யோசனை. அதற்குள் செல்போன் வந்து கடையையே சாத்திவிட்டது. போனில் கேமரா திறந்ததுமே படங்கள் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் தொட்ட நொடியின் படத்தை அது பின்னால் போய் எடுத்துக்கொள்ளும்.

சரி, வாங்கியே தீருவேன் என்கிறவர்களுக்கு: பொத்தானைப் பாதி அமுக்கி ஃபோகஸைப் பூட்டி வைத்துக்கொண்டு காத்திருங்கள், வேண்டிய நேரத்தில் மீதியை அமுக்குங்கள். சிவப்புக் கண் நீக்கும் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், அது தனியாக நேரம் தின்னும். கடையில் காசு கொடுக்குமுன் போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, சரியாக 10 வரும்போது ஒரே அமுக்காக அமுக்குங்கள். படத்தில் 10.2 இருந்தால் தாராளமாக வாங்கலாம். 10.8 இருந்தால், கலரைப் பற்றி அவர் என்ன சொன்னாலும் சரி, பாதி விலைக்குக் கேளுங்கள்.