மூடிய மையத்திலும் போர் உண்டு!

சதுரங்கப் பலகையின் நடுவில் சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நின்றுவிட்டால், "இனி இந்த ஆட்டம் டிராதான்" என்று வேடிக்கை பார்க்கும் நண்பர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். உண்மையான சிந்தனைப் போர் அப்போதுதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

பிரெஞ்சுத் தற்காப்பை எடுத்துக்கொள்வோம். 1834-ஆம் ஆண்டு இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே தொடங்கிய கடிதவழிப் போட்டியில் பாரிசு அணி ஆடியதால் வந்த பெயர் இது. வெள்ளை இ4, கறுப்பு இ6. வெள்ளை டி4, கறுப்பு டி5. அடுத்து வெள்ளை இ5 என்று தள்ளினால் மையம் பூட்டிக்கொள்கிறது. கறுப்பின் சி8 பிஷப் தன் சிப்பாய்களாலேயே அடைபடுகிறது. ராஜாவின் பக்கம் வெள்ளைக்கு இடம் மிகுதி.

கறுப்பு என்ன செய்யும்? சிப்பாய்ச் சங்கிலியின் நுனியை விட்டு வேரைத் தாக்கு என்றார் நிம்சோவிச். இங்கே வேர் டி4. எனவே சி5 என்று முட்டி, குதிரையை சி6-க்கும் ராணியை பி6-க்கும் கொண்டுவந்து, அந்த ஒரு கட்டத்தையே குறிவைக்கிறது கறுப்பு.

சங்கிலி அறுந்தால் வெள்ளை தோற்றதா? இல்லை! 1911-இல் கார்ல்ஸ்பாத் நகரில் சால்வேயுடன் ஆடிய நிம்சோவிச், டி4, இ5 சிப்பாய்கள் இரண்டையும் மாற்றிக்கொண்டார். பின்பு டி4-இல் பிஷப்பையும் இ5-இல் குதிரையையும் நிறுத்தி வென்றார். சிப்பாய்கள் போயின, கட்டங்கள் கைவிட்டுப் போகவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பயிற்சியாளர் வைத்துக்கொள்ள வசதியில்லை. திறந்த ஆட்டங்களில், எதிராளி மனப்பாடம் செய்துவந்த வரிசை தெரியாமல் பதினைந்து நகர்த்தலுக்குள் பலமுறை தோற்றிருக்கிறேன். மூடிய ஆட்டத்திலும் மனப்பாடம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு நகர்த்தலை மறந்தாலும் உடனே கழுத்துக்குக் கத்தி வருவது குறைவு. வேர் எது, என் காய்க்கு நல்ல இடம் எது என்று யோசித்துக் கண்டுபிடிக்க அவகாசம் கிடைக்கிறது. வசதியற்றவனுக்கு அந்த அவகாசம் பெரிய செல்வமன்றோ?

ஆகவே, நம் கல்லூரிச் சதுரங்கக் குழுவில் புதிதாகச் சேருவோருக்கு நான்கு நகர்த்தலில் மடக்கும் தந்திரத்தைக் கற்றுத்தருவதை விட்டு, இந்தத் திறப்பை முதலில் கற்றுத்தர வேண்டும். நண்பர்களே, அடுத்த முறை மையம் மூடிக்கொண்டால் எழுந்து போகாதீர்கள். அமர்ந்து, வேர் எங்கே என்று தேடுங்கள்!

— இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்