கடிக்கும் கிளியை வழிக்குக் கொண்டு வருவது எப்படி?



"தீனி வைக்கக் கூண்டில் கைவிட்டால் போதும், கிளி பாய்ந்து கடிக்கிறது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பறக்க விட்டுவிடலாமா?" என்று சிம்பாங் அம்பாட் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். லயத்திலும் தாமான் வீட்டிலும் கிளி வளர்க்கும் பலருக்கு இதே தொல்லைதான்.

பறக்க விட வேண்டாம், அம்மா. கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. காக்கைக்கோ பூனைக்கோ பலியாகிவிடும்.

கிளி கெட்ட குணத்தால் கடிப்பதில்லை. கூண்டு அதன் வீடு. தீனிக் கிண்ணம் அதன் சொத்து. திடீரென்று நுழையும் கையைத் திருடன் கை என்றே அது நினைக்கிறது. பயம், வலி, தூக்கக் குறைவு, இணை சேரும் பருவம் ஆகியவையும் காரணமாகலாம். கடிக்குமுன் அது எச்சரிக்கவும் செய்யும். கண்ணின் கருமணி சுருங்கிச் சுருங்கி விரியும், கழுத்து இறகு சிலிர்க்கும், வால் விரியும், அலகு திறக்கும். அப்போது கையை நீட்டாதீர்கள்.

இனி, செய்ய வேண்டியவை:

1. கிளி தின்னும்போது கூண்டில் கைவிடாதீர்கள். கிண்ணத்தை வெளியிலிருந்தே மாற்றும்படி சிறு கதவுக்கு அருகில் மாட்டுங்கள்.

2. கிண்ணத்தை எடுக்குமுன், மறுபக்கக் கம்பி வழியாக நீண்ட கரண்டியில் அதற்குப் பிடித்த பழத்துண்டு ஒன்றைக் கொடுங்கள். அது அங்கே நகர்ந்ததும் கிண்ணத்தை மாற்றுங்கள். கை வந்தால் இரை போகாது, வரும் என்பது நாளடைவில் அதற்குப் புரியும்.

3. இரண்டு கிளிகள் இருந்தால் இரண்டு கிண்ணங்களைத் தள்ளித் தள்ளி வையுங்கள்.

4. கடித்தால் கத்தாதீர்கள், அலகில் சுண்டாதீர்கள். கூச்சல் அதற்கு விளையாட்டாகிவிடும். அடி பயத்தை வளர்க்கும். பேசாமல் கிளையில் இறக்கிவிட்டுச் சற்று விலகி நில்லுங்கள்.

5. இரவில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் அது தூங்க வேண்டும். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கூண்டு வேண்டாம்.

கிளி ஜோசியரைப் பாருங்கள். கிளி சீட்டை எடுத்துக் கொடுத்து, ஒரு நெல்மணியைக் கூலியாக வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் போய்விடும். சிங்கப்பூர் முனியப்பனின் 'மணி' என்ற கிளி, 2010 உலகக் கிண்ணக் காற்பந்தில் கால் இறுதி வெற்றியாளர்களைச் சரியாகச் சொல்லிப் புகழ் பெற்றது. இறுதி ஆட்டத்தில் ஹாலந்தைச் சொன்னது, வென்றது ஸ்பெயின்! ஜோசியம் எப்படியோ போகட்டும். சொன்னதைச் செய்தால் உடனே சிறு கூலி என்ற அந்தப் பழக்கம் நமக்கும் உதவும். ஆனால் பட்டினி போட்டுப் பழக்காதீர்கள்.

மிளகாய் தின்றால் கிளி மூர்க்கமாகும் என்பதும் தவறு. பறவைகளுக்கு மிளகாய் உறைப்பதே இல்லை. ஆனால் வெண்ணெய்ப் பழமும் சாக்லேட்டும் அதற்கு நஞ்சு, கொடுக்கவே கூடாது.

சாதுவாக இருந்த கிளி திடீரென்று கடித்தாலோ, இரை எடுக்காமல் இறகை உப்பி உட்கார்ந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். காயம் ஆழமானால் கிளினிக் போக வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். செம்பனைப் பழம் கொத்த வரும் காட்டுக்கிளியைப் பிடித்து வளர்க்காதீர்கள். 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். விவரத்தைப் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டறியலாம்.

சில வாரங்கள் பொறுமையாக இருங்கள். அதுவரை பிள்ளைகளைக் கூண்டுக்குள் விரல் நீட்ட விடாதீர்கள்.