பாசி டீசலுக்குத் திட வினையூக்கியே வழி

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்துவிட்டதாகக் கொண்டாடும் மத்திய அரசு, டீசல் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்றது 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை. கலப்பு இன்னும் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நுண்பாசி எரிபொருளுக்கும் அதே கொள்கையில் இடமுண்டு. ஆனால், பேச்செல்லாம் பாசி வளர்ப்பைப் பற்றியே. அதன் எண்ணெயை எதைக் கொண்டு டீசலாக்குவது என்ற கேள்வி ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை.

வழக்கமான முறையில், காஸ்டிக் சோடா போன்ற காரத்தை வினையூக்கியாக மெத்தனாலில் கரைத்து எண்ணெயோடு சேர்க்கிறார்கள். சுத்திகரித்த எண்ணெய்க்கு அது சரி. பாசி எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் பெரும்பாலும் அதிகம். ஒரு சதவீதத்தைத் தாண்டினாலே காரம் அதோடு சேர்ந்து சோப்பாகிவிடுகிறது. டீசலும் கிளிசரினும் பிரியாமல் குழம்பி நிற்கும். கழுவுவதற்கே தண்ணீர் கொட்டித் தீரும். போட்ட காரமும் திரும்பாது. மாறாக, கரையாத திட வினையூக்கியை வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம். சல்ஃபேட் ஏற்றிய சிர்கோனியா போன்ற அமிலத் திடப்பொருள்கள் அந்தக் கொழுப்பு அமிலத்தையே டீசலாக்கிவிடும். பிரான்ஸின் செத் நகரில் துத்தநாக-அலுமினிய ஆக்சைடை வைத்து ஆண்டுக்கு 1,60,000 டன் திறனுள்ள ஆலை 2006-லேயே இயங்கத் தொடங்கியது. கிளிசரின் 98 சதவீதத்துக்கு மேல் தூய்மையாகக் கிடைத்தது. அங்கே பயன்பட்டது தாவர எண்ணெய்தான். ஆனாலும், திட வினையூக்கி ஆலை அளவில் நிற்காது என்ற வாதம் அன்றே முடிந்துபோனது.

நம் ஆய்வாளர்களுக்குப் பிடித்தது முட்டை ஓட்டைச் சுட்டெடுக்கும் சுண்ணாம்பு. மலிவானது, நாமக்கல் இருக்கும் மாநிலத்தில் ஓட்டுக்கும் பஞ்சமில்லை. ஆனால், காற்றுப் பட்டாலே ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்து வீரியம் இழக்கும். அமிலம் மிகுந்த எண்ணெயில் அதுவும் சோப்பாகும். கால்சியம் கசிந்து டீசலில் கலக்கும். ஐரோப்பியத் தரநிலையோ ஒரு கிலோவில் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. முதல் சுற்றில் 95 சதவீதம் விளைந்தது என்ற அறிக்கையால் யாருக்கு என்ன பயன்? பத்தாவது சுற்றில் எவ்வளவு, கசிந்தது எவ்வளவு என்பதல்லவா கணக்கு?

பாசி வளர்ப்பதும் அறுவடையும்தான் பெருஞ்செலவு, எக்ஸான்மொபில் நிறுவனமே 2023-இல் கைவிட்டுவிட்டது என்பார்கள். ஒரு நிறுவனம் பொறுமை இழந்ததை அறிவியலின் தோல்வியாகக் காட்டுவது சோம்பேறி வாதம். உணவகங்களில் பொரித்து மிஞ்சும் எண்ணெயிலும் இதே அமிலச் சிக்கல்தான். அமிலத்தைத் தாங்கும் திட வினையூக்கி ஆலையை இன்று அந்த எண்ணெயை வைத்தே ஓட்டலாம். பாசி எண்ணெய் வரும்போது ஆலை தயாராக இருக்கும். இரண்டாம் தலைமுறை எத்தனாலுக்கு ரூ.5,000 கோடி ஒதுக்க முன்வந்த அரசு, அதில் சிறு பங்கை இதற்கும் ஒதுக்கட்டும். அசல் பாசி எண்ணெயில் பல சுற்றுச் சோதனை காட்டுபவர்களுக்கே பணம் என்று நிபந்தனை போடட்டும். அதைச் செய்தால் 5 சதவீத இலக்கு இந்த நாட்டுக்கு எட்டாக்கனி அல்ல.