தேரடியில் முட்டுக்கட்டை

சென்ற இதழில் குன்றத்தூர்க்காரர்களுக்கு ஓர் அன்பர் பொறுமை போதித்திருந்தார். வளரும் ஊரில் நெரிசல் இருக்கத்தான் செய்யும். சாலையும் வடிகாலும் பேருந்து நிலையமும் காலம் எடுத்துத்தான் வரும். தாமதத்துக்குக் காரணம் தெருவில் கடை போட்டவர்களும் கோயிலுக்கு வரும் கூட்டமும். சேக்கிழார் பிறந்த மண்ணுக்குப் பொறுமை தெரிய வேண்டாமா. குறை சொல்பவர்கள் வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை. சாரம் இவ்வளவுதான். அவர் எங்கே உட்கார்ந்து இதை எழுதினாரோ தெரியவில்லை. மாலை ஆறு மணிக்குத் தேரடியில் நிச்சயமாக இல்லை. அங்கே நிற்கவே இடம் கிடையாது.

காலம் எடுக்கும் என்கிறார். யாருடைய வேலைக்கு என்று சொல்லவில்லை. 2008 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தான ரெனோ நிசான் கார் ஆலை, 2010 மார்ச்சில் ஒரகடத்தில் திறக்கப்பட்டது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி, சுமார் 706 கோடி ரூபாய் செலவில் எழும்பி, 2024 ஆகஸ்டில் திறப்பு விழா கண்டது. நிலம், மின்சாரம், தண்ணீர், துறைதோறும் அனுமதி எல்லாம் அவற்றுக்கும்தான் தேவைப்பட்டன. ஆலைகள் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் அங்கேதான் ஷிப்டுக்குப் போகிறார்கள். ஆலைக்கு ஒற்றைச் சாளரம் திறந்து வைத்த அதே அரசு, அந்த ஆலைக்கு ஆள் அனுப்பும் ஊரை ஏன் ஏழெட்டுச் சாளரங்களுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. சாலை நெடுஞ்சாலைத் துறையினுடையது, வடிகால் நகராட்சியினுடையது, கம்பம் மின்வாரியத்தினுடையது, பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்தினுடையது, கோயில் அறநிலையத் துறையினுடையது. நெரிசல் மட்டும் எங்களுடையது.

எல்லாமே மெதுவாக நடக்கின்றன என்றும் சொல்லிவிட முடியாது. பேரூராட்சியாக இருந்த குன்றத்தூர் நகராட்சியாகும் என்ற அறிவிப்பு 2021இல் வந்தது. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. ஏப்ரலில் மாநிலம் முழுக்கச் சொத்துவரி உயர்வு அறிவிக்கப்பட்டது. நகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 சதவீதம். வரி பொறுமை காக்கவில்லை. அப்போது அன்பர் யாருக்கும் உபதேசம் செய்ததாக நினைவில்லை.

இன்னும் பழைய கணக்கும் இருக்கிறது. குன்றத்தூரையும் உள்ளடக்கிய சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008இல் வந்தது. அதன் இலக்கு ஆண்டு 2026. அந்தத் திட்டம் வந்த வருடம் பிறந்த குழந்தை இலக்கு ஆண்டில் ஓட்டுப்போடும் வயதுக்கு வந்துவிடுகிறது. இதற்கு மேலும் பொறு என்றால், எந்தத் தலைமுறையிடம் சொல்கிறார்?

அடுத்து, பழியைத் தூக்கி முருகன் கோயில் மலையடிவாரத்தில் பூவும் அர்ச்சனைத் தட்டும் விற்கும் பெண்கள் தலையில் வைக்கிறார். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தை அவர் ஒருமுறை புரட்டியிருக்கலாம். கணக்கெடுத்து, சான்று கொடுத்து, விற்பனைக்கு இடம் ஒதுக்க வேண்டியது உள்ளாட்சியின் கடமை; கணக்கெடுத்துச் சான்று தரும்வரை வியாபாரியை அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது சட்டம். இடம் ஒதுக்க வேண்டியவரை விட்டுவிட்டு, இடமில்லாமல் ஓரமாக உட்கார்ந்தவரைக் குற்றவாளியாக்குவது நல்ல நியாயம்!

கோயில் கூட்டம் பற்றிய புலம்பல் இதைவிட வேடிக்கை. கிருத்திகை மாதாமாதம் வருகிறது. முகூர்த்த நாள்கள் பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே அச்சாகின்றன. முருகன் சந்நிதியில் கல்யாணம் முடித்து எத்தனை வண்டிகள் இறங்கும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாளும் இடமும் தெரிந்த கூட்டத்துக்கு வண்டி நிறுத்த ஒரு ஏற்பாடு செய்யாமல், வந்தவர்களைக் குறை சொல்வதற்கு நிர்வாகம் எதற்கு?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சாலையை அகலப்படுத்த நிலம் எடுப்பது எளிதல்ல. இழப்பீடு, வழக்கு என்று இழுக்கும். சரி, நிலம் கேட்கிற வேலைகள் ஒரு பக்கம் இருக்கட்டும். நிழற்குடைக்கும், மூடியில்லாத வடிகாலுக்கு ஒரு மூடிக்கும், ஷிப்டு முடிந்து இருட்டில் இறங்கும் பெண்ணுக்கு ஒரு விளக்குக்கும் எந்த நிலத்தை எடுக்க வேண்டும்?

சேக்கிழாரை வேறு சாட்சிக்கு அழைத்திருக்கிறார். சேக்கிழார் அநபாய சோழனிடம் அமைச்சராகவும் இருந்தவர் என்பதை அன்பர் மறந்துவிட்டார். சேக்கிழாரின் பெரியபுராண அரங்கேற்றம் ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி அடுத்த சித்திரைத் திருவாதிரையில் நிறைவுற்றது என்பது மரபு. தொடங்கிய நாளும் முடிந்த நாளும் எண்ணூறு ஆண்டு கழித்தும் சொல்லப்படுகின்றன. எங்கள் ஊர் வேலைகளுக்குத் தொடங்கும் நாள் மட்டுமே உண்டு. அதுவும் பூமிபூஜைப் படத்தில். நாங்கள் கேட்பது ஒரு பலகை: என்ன வேலை, எவ்வளவு பணம், எந்தத் துறை, பொறுப்பு அதிகாரி யார், முடியும் தேதி என்ன. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், கேட்காமலே தகவலைச் சொல்லும் கடமையை அலுவலகங்களுக்கு விதித்திருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று பக்கத்துப் பம்மலில் முதலமைச்சரே பகுதி சபையில் உட்கார்ந்து மக்கள் குறையைக் கேட்டார். அவர் கேட்டது குறை. நாங்கள் சொன்னால் முட்டுக்கட்டையா?

அந்தச் சொல்லையும் அன்பர் தெரியாமல்தான் எடுத்திருக்கிறார். தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். சக்கரத்தின் அருகே கட்டையோடு குனிந்து ஓடுகிறவர்கள் சிலர்தான். திருப்பத்தில் தேரைத் திருப்புவதும், பள்ளத்தில் சாயாமல் நிறுத்துவதும், நிலைக்குக் கொண்டு சேர்ப்பதும் அவர்கள் போடும் கட்டைதான். இங்கே இழுத்துத் தெருவில் விட்டுவிட்டுப் போனவர்கள் வேறு. நாங்கள் கட்டையோடு தேரடியில்தான் நிற்கிறோம்.